படகு யந்திரத்தில் எண்ணெய்க் கசிவு: காரணமும் பரிகாரமும்

(மீனவர் கூட்டுறவுச் சங்க அங்கத்தினரிடையே நிகழ்த்திய பிரசங்கம்)



கடற்றொழில் செய்யும் குடும்பத்துக்கு நிலம் என்பது படகு. உழவு மாடு என்பது அதன் யந்திரம். மாடு ஒரு வேளை தீனி எடுக்காவிட்டால், குடியானவன் அன்றைக்கே அதன் வாயைத் திறந்து பார்க்கிறான், வயிற்றைத் தட்டிப் பார்க்கிறான், வைத்தியம் செய்கிறான். ஆனால் படகின் யந்திரம் மாதக்கணக்கில் எண்ணெயைக் கக்கிக்கொண்டிருந்தாலும், “யந்திரம் என்றால் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும்” என்று சொல்லி, அடியில் ஒரு கந்தல் சாக்கை விரித்துவிட்டுக் கடலுக்குப் புறப்படுகிறவர்கள் அநேகர். அந்தக் கந்தல் சாக்கு எத்தனை குடும்பங்களின் வருவாயை உறிஞ்சிவிடுகிறது என்பதை எவரும் கணக்கிடுவதில்லை. அந்தக் கணக்கையும், கசிவின் காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறையையும், அதைச் செப்பனிடும் வழியையும் எடுத்துச் சொல்வதே இப்பிரசங்கத்தின் நோக்கமாகும்.

கூட்டுறவுக்கும் மீன் தொழிலுக்கும் ஆதிமுதல் சம்பந்தம் உண்டு. சென்னை ராஜதானியில் விவசாய பாங்குகளைப் பற்றி 1895 முதல் 1897 வரை அறிக்கை வெளியிட்டு, 1904-ஆம் வருஷத்துக் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டத்துக்கு வழிகோலிய ஸர் பிரடெரிக் நிக்கல்ஸன் என்பவரே, பின்னர் அந்த ராஜதானியின் மீன் இலாகாவுக்கும் அடிகோலினார். படகில் யந்திரம் ஏறியது அதற்கு வெகுகாலம் கழித்துத்தான். 1952-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனமும் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக, கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் யந்திரப் படகுகள் பழக்கத்துக்கு வந்தன. அந்தப் பத்தாண்டிலேயே தமிழ்நாட்டுக் கரையிலும் அவை தோன்றின. ஆகவே பாயும் துடுப்பும் பல தலைமுறைகளின் அறிவு. யந்திரமோ இரண்டு மூன்று தலைமுறைகளின் அறிவுதான். காற்றின் குறிப்பையும் நீரோட்டத்தின் குறிப்பையும் பார்த்த மாத்திரத்தில் அறியும் கண்கள், யந்திரத்தின் குறிப்பையும் அறியப் பழகுவது அசாத்தியமல்ல.

நஷ்டக் கணக்கு

யந்திரத்தின் அடியிலிருந்து இரண்டு விநாடிக்கு ஒரு துளி எண்ணெய் விழுகிறதென்று வைத்துக்கொள்ளலாம். பார்வைக்கு இது அற்பமே. இருபத்தைந்து துளி கூடினால் ஏறக்குறைய ஒரு மில்லி லிட்டர். மணிக்கு 1,800 துளி, அதாவது 72 மில்லி லிட்டர். நாளொன்றுக்கு 20 மணி நேரம் யந்திரம் ஓடி, மூன்று நாள் கடலில் தங்கினால், 4 லிட்டருக்கு மேல் போய்விடும். லிட்டர் 300 ரூபாய் என்று கொண்டால், ஒரு பயணத்துக்கு ஏறக்குறைய 1,300 ரூபாய். மாதத்துக்கு ஆறு பயணமானால் 7,800 ரூபாய். சங்கத்துக்குச் செலுத்த வேண்டிய தவணை வட்டி இதில் அடங்கிவிடக்கூடும். ஒழுகும் இடத்தில் வைக்க வேண்டிய கார்க்குப் பட்டையோ ரப்பர் வளையமோ இத்தொகையில் ஒரு சிறு பாகத்துக்குக் கிடைக்கும்.

பண நஷ்டம் ஒருபுறமிருக்க, உயிர் நஷ்டத்துக்கும் இதில் இடமுண்டு. யந்திரத்தின் கிராங்குத் தண்டும் அதைத் தாங்கும் பேரிங்குகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு சுழலுவதில்லை. அவற்றுக்கு நடுவே தலைமயிரைக் காட்டிலும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று நின்று இரண்டையும் பிரித்து வைக்கிறது. எண்ணெய் வற்றினால் படலம் அறும். உலோகம் உலோகத்தைத் தேய்க்கும். சூடேறிச் சில நிமிஷங்களில் யந்திரம் இறுகி நின்றுவிடும். கரையிலிருந்து பல மைல் தூரத்தில், காற்று மாறும் வேளையில் இது நேர்ந்தால், படகும் அதிலுள்ள ஆட்களும் நீரோட்டத்தின் வசம் ஆவார்கள். இராமேசுவரம் முதலான இடங்களில், எல்லைக் கோட்டைத் தாண்டி அயல்நாட்டுக் கடலுக்குள் மிதந்து செல்லும் ஆபத்தும் கூடவே உண்டு. மேலும், கசிந்த எண்ணெய் பழுக்கக் காய்ந்த புகைக்குழாயின்மேல் விழுமானால் தீப்பிடிக்கும். நடுக்கடலில் தீயை விட்டு ஓட இடமேது?

முதலில் அறிய வேண்டியது: அது எந்த எண்ணெய்?

யந்திர அறையின் அடியில் தேங்கும் நீரில் எண்ணெய் மிதந்தால், அது யந்திர எண்ணெய்தான் என்று உடனே தீர்மானிக்கலாகாது. படகில் டீசல் உண்டு. கியர் பெட்டியின் எண்ணெய் உண்டு. சில படகுகளில் வலை இழுக்கும் வின்ச்சுக்கு வேறு எண்ணெய் உண்டு. சந்தேகமான இடத்தின் கீழே வெள்ளைக் காகிதத்தை விரித்து, விழும் துளியைப் பார்க்க வேண்டும். டீசல் விரைவில் பரவி, காகிதத்தில் அகன்ற மெல்லிய வட்டமாகும். அதன் வாசனையே அதைக் காட்டிக்கொடுக்கும். டீசல் யந்திரத்தில் ஓடிய எண்ணெய் கரியேறிக் கறுத்திருக்கும். கியர் பெட்டியில் அதே ஜாதி எண்ணெயை ஊற்றியிருந்தாலும், அங்கே புகை சேராததால் அது தேன் நிறத்திலேயே பெரும்பாலும் இருக்கும்.

அடுத்து, எண்ணெய் குறைவது கசிவினால்தானா என்று பார்க்க வேண்டும். அளவுகோல் கம்பியில் எண்ணெய் இறங்குகிறது, ஆனால் யந்திரத்தின் வெளிப்புறம் உலர்ந்திருக்கிறது என்றால், போகும் வழி இரண்டில் ஒன்று. புகை நீல நிறமாக வந்தால், எண்ணெய் உள்ளே எரிகிறது. பிஸ்டன் வளையங்களோ வால்வுகளின் வழிகாட்டிகளோ தேய்ந்துள்ளன. புகை நீலமில்லாமல், குளிர்நீர் வெளியேறும் இடத்தில் கடல்நீரின்மேல் வானவில் போன்ற படலம் தோன்றினால், ஆயில் கூலரின் உட்குழாய் உப்பு அரித்து ஓட்டையாகியிருக்கலாம். ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் நீரின் அழுத்தத்தைவிட அதிகமாகையால் எண்ணெய் நீரில் கலக்கிறது; நின்ற பிறகு சில அமைப்புகளில் நீர் எண்ணெய்க்குள் புகுகிறது. அப்போது அளவுகோல் கம்பியில் எண்ணெய் மோர் போல வெளுத்து வரும். அவ்வாறு வெளுத்த எண்ணெயோடு யந்திரத்தை ஒரு நிமிஷமும் ஓட்டலாகாது.

இதற்கு நேர்மாறான குறியும் உண்டு. எண்ணெய் குறையாமல் ஏறிக்கொண்டே வந்து, முகர்ந்தால் டீசல் வாசனை அடித்தால், டீசல் பம்பின் தோலோ இன்ஜெக்டரின் இணைப்போ கெட்டு உள்ளே டீசல் வடிகிறது. நீர்த்துப்போன எண்ணெய் எல்லா இடுக்குகளிலும் சுலபமாகக் கசியும், பேரிங்குகளையும் காக்காது. “எண்ணெய் குறையவே இல்லை, நல்ல யந்திரம்” என்று மகிழ்கிறவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கண்டுபிடிக்கும் முறை

எண்ணெய் அப்பிய யந்திரத்தில் கசிவைத் தேடுவது, சேறு கலங்கிய குளத்தில் ஊற்றுக்கண்ணைத் தேடுவது போன்றது. ஆகவே முதல் வேலை சுத்தம் செய்வதே. யந்திரம் ஆறிய பின், பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, தூரிகையும் சவர்க்கார நீரும் கொண்டு மேலிருந்து கீழாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். டைனமோ, ஸ்டார்ட்டர் ஆகியவற்றில் நீர் படாமல் சாக்குத் துணியால் மூட வேண்டும். காற்றுக் குழாயின் வாயையும் அடைத்துக்கொண்டு, பிறகு மறவாமல் அடைப்பை எடுத்துவிட வேண்டும். மூடிய அறையில் பெட்ரோல் கொண்டு கழுவுவது தற்கொலைக்கு ஒப்பானது. கழுவிய பின் துணியால் ஒற்றி, நன்கு உலரவிட்டு, சந்தேகமான மூட்டுகளின்மேல் முகப் பவுடரையோ சுண்ணக்கட்டிப் பொடியையோ மெல்லியதாகத் தூவ வேண்டும்.

பிறகு யந்திரத்தை ஓட்டி, முதலில் மெதுவாகவும், எண்ணெய் சூடான பின் வேகமாகவும் வைத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் சூடாகி இளகினாலன்றிச் சில கசிவுகள் வெளிப்படா. கைலியை இறுக மடித்துக் கட்டாமலும், துண்டைத் தோளில் தொங்கவிட்டும் ஓடும் பெல்ட்டின் அருகே குனிவது கூடாது. மறைவான இடங்களுக்குக் கைவிளக்கும், சவரக் கண்ணாடி ஒன்றும் போதும். பொடி எங்கே முதலில் நனைந்து கறுக்கிறதோ அதுவே ஊற்றுக்கண். நனைந்த இடங்கள் பலவாயின், எல்லாவற்றிலும் உயரமானதும், எல்லாவற்றிலும் முன்பக்கமானதுமான இடத்தையே முதற்காரணமாகக் கொள்ள வேண்டும்.

முன்பக்கம் என்று சொல்வதற்குப் படகில் தனிக் காரணம் உண்டு. மோட்டார் வண்டியில் யந்திரம் ஏறக்குறையச் சமமாக நிற்கிறது. படகிலோ, சுழலித் தண்டு பின்னால் சரிந்து நீருக்குள் இறங்க வேண்டியிருப்பதால், யந்திரமும் பின்பக்கம் சாய்வாகவே பொருத்தப்படுகிறது. ஆகையால் மேலே எங்கு கசிந்தாலும் எண்ணெய் பக்கவாட்டில் ஓடி, பின்னால் பிளைவீல் கூட்டின் அடியில் வந்து சொட்டும். அதைக் கண்டவுடன், “கிராங்கின் பின் சீல் போய்விட்டது” என்ற தீர்ப்பு எளிதில் பிறக்கிறது. பல சமயங்களில் அது தவறான தீர்ப்பாகும்.

ஒரு திருஷ்டாந்தம்

எந்த ஜெட்டியிலும் நிகழக்கூடிய ஒரு சம்பவத்தை இங்கே திருஷ்டாந்தமாகக் கொள்ளலாம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை முடிய நான்கே நாள் இருக்கையில், ஒரு சம்மாட்டியின் விசைப்படகில் பிளைவீல் கூட்டின் அடியில் எண்ணெய் சொட்டுவது கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டு மாதம் வருமானமில்லை. மனைவியின் நகை அடகிலிருந்தது. சங்கத் தவணையும் நெருங்கிவிட்டது. வந்து பார்த்த மெக்கானிக், பின் சீல்தான் காரணமென்றும், தண்டின் இணைப்பைப் பிரித்துக் கியர் பெட்டியைச் சங்கிலிக் கப்பியால் தூக்க வேண்டுமென்றும், பத்து நாளாகுமென்றும் சொன்னார். முதல் நாட்களின் பாடுதான் வருஷத்தில் சிறந்த பாடு என்று நம்பியிருந்த சம்மாட்டி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் படகின் டிரைவர் வயது முதிர்ந்தவர். அவர், “சம்மாட்டி, கழற்றுவதற்கு முன்னே கழுவிப் பார்ப்போம். கழுவுகிறதுக்குக் காசு இல்லையே” என்றார்.

“கழுவினால் சீல் நன்றாகிவிடுமா, அண்ணே?” என்று சம்மாட்டி சலிப்போடு கேட்டார்.

“நன்றாகாது. ஆனால் குற்றவாளி யாரென்று தெரியும்.”

கழுவிப் பொடி தூவி ஓட்டினார்கள். கால்மணி நேரத்தில், யந்திரத்தின் தலைமேலுள்ள ராக்கர் மூடியின் பின்மூலையில் பொடி கறுத்தது. அங்கிருந்து ஒரு கோடு இறங்கி, பிளைவீல் கூட்டின் விளிம்பில் சேர்ந்து, அடியில் சொட்டியது. மூடியின் கார்க்குப் பட்டை பழையதுமல்ல. அப்படியிருக்க அது ஏன் ஒழுக வேண்டும்? டிரைவர் மூச்சுக்குழலைக் கழற்றிப் பார்த்தார். கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அது அடைபட்டிருந்தது. குழலைக் கழுவித் துளை விட்டு, புதிய பட்டை வைத்து மூடியைப் பூட்டினார்கள். மறுநாள் இரண்டு மணி நேரம் ஓட்டியும் வெள்ளைக் காகிதம் வெள்ளையாகவே இருந்தது. மெக்கானிக்கும் நல்லவராகையால், அடுத்த படகுக்குச் செல்லும்போது தூரிகையும் பவுடர் டப்பியும் கையோடு கொண்டு போனார். ஜூன் 15 அன்று மற்றப் படகுகளோடு அந்தப் படகும் புறப்பட்டது.

மூச்சுக்குழலின் மகிமை

இத்திருஷ்டாந்தத்தில் அடங்கிய பாடத்தை விரித்துச் சொல்வது அவசியம். சிலிண்டரில் வெடிக்கும் வாயுவில் சிறு பாகம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்குவது இயற்கை. அது வெளியேறுவதற்காக வைக்கப்பட்டதே பிரீதர் என்னும் மூச்சுக்குழல். அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் பெருகி, பலவீனமான மூட்டுகளின் வழியே எண்ணெயை வெளியே தள்ளும். ஒரே சமயத்தில் மூன்று நான்கு இடங்களில் கசிவு தோன்றினால், சீல்களைக் குறைகூறுமுன் மூச்சுக்குழலைச் சோதிக்க வேண்டும்.

சோதனை சுலபம். யந்திரம் மெதுவாக ஓடுகையில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின்மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் காகிதத்தை லேசாக வைத்துப் பார்க்கலாம். இலேசாகத் துடித்தால் குணம். புகையோடு வீசியெறிந்தால் தோஷம். மூச்சுக்குழலைச் சுத்தம் செய்த பின்னும் அவ்வாறே வீசுமாயின், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று அறியலாம். அந்நிலையில் எத்தனை புதிய சீல் போட்டாலும் நில்லா. யந்திரத்தையே பிரித்துப் புதுப்பிக்கச் சங்கத்தில் கடன் கேட்பதே நேர்மையான வழி. எண்ணெயை மேல்கோட்டுக்கு மேல் ஊற்றுவதும் இத்தகைய தொல்லையைத் தரும். சுழலும் கிராங்கு எண்ணெயை அடித்து நுரையாக்கி எல்லா இடுக்குகளுக்கும் வீசும். யந்திரம் சாய்வாக நிற்பதால் கம்பியின் கோடு படகில் சற்று மாறுபடும். ஆகவே படகு நீரில் சமமாக மிதக்கும்போது அளந்து, சரியான அளவை ஊற்றிய பிறகு கம்பியில் புதிய குறி இட்டுக்கொள்வது நல்லது.

இடத்துக்கேற்ற பரிகாரங்கள்

1. தகட்டு மூடிகள். ராக்கர் மூடி, பக்க மூடி முதலியவை ஒழுகினால், போல்ட்டை மேலும் மேலும் முறுக்குவது பொதுவான தவறு. அதிகமாக முறுக்கினால் தகட்டின் விளிம்பு போல்ட்டுத் துளையைச் சுற்றிக் குழிந்து, நடுவே மேடாகும். பிறகு எந்தப் பட்டையும் படியாது. மூடியைக் கழற்றி, விளிம்பை மரக்கட்டையின்மேல் வைத்துத் தட்டிச் சமமாக்கி, பழைய பட்டையைச் சுரண்டி நீக்கி, புதியதை வைத்து, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கிச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். குழம்பு போன்ற பிசினைத் தாராளமாகப் பூசுவதும் தவறு. பிதுங்கிய பிசின் உள்ளே உதிர்ந்து, எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடும்.

2. வடிகால் திருகு. இதன் செம்பு வளையம் பலமுறை இறுகிக் கடினமாகியிருக்கும். புதியது கிடைக்காவிட்டால், பழையதைச் செந்நிறமாகக் காய்ச்சி நீரில் தோய்த்தால் செம்பு இளகி, மறுபடியும் நன்றாகப் படியும்.

3. எண்ணெய் பில்டர். புதிய பில்டரைப் பூட்டியவுடன் ஒழுகினால், பழைய ரப்பர் வளையம் யந்திரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வளையம் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்தால், வேகம் கூடும்போது பிதுங்கி எண்ணெய் முழுவதும் கொட்டிவிடும். புதிய வளையத்தில் எண்ணெய் தடவி, கையாலேயே முடுக்க வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்றுப் போதும்.

4. அழுத்தக் குழாய்கள். எண்ணெய் அழுத்தம் காட்டும் கடிகாரத்துக்குச் செல்லும் மெல்லிய செம்புக் குழாய் அதிர்வினால் விரிசல் விடுவதுண்டு. இது சொட்டும் கசிவல்ல, பீச்சும் கசிவு. குறுகிய நேரத்தில் தொட்டியைக் காலியாக்கிவிடும். குழாயைப் பல இடங்களில் பிடிப்புப் போட்டு அதிராமல் கட்டுவதும், யந்திரத்தோடு சேருமிடத்தில் வளையும் ஹோஸ் வைப்பதும் தடுப்பு முறைகள்.

5. எண்ணெய்த் தொட்டி. அடியில் தேங்கிய உப்புநீர் யந்திரத்தின் தகட்டுத் தொட்டியைத் தொட்டுக்கொண்டே இருந்தால், அது துருவேறி ஊசித் துளைகள் விழும். இது மோட்டார் வண்டியில் காணாத, படகுக்கே உரிய நோய். அடிநீரைத் தினந்தோறும் இறைத்துவிடுவதும், தடைக்காலத்தில் தொட்டியின் அடியைச் சுரண்டி வர்ணம் பூசுவதும் இதற்கு மருந்து. துளை விழுந்துவிட்டால், எண்ணெயை வடித்து, துரு நீக்கி, உலர்த்தி, எபாக்ஸிப் பசை அப்புவது கரை சேரும் வரைக்குமான பரிகாரமே. தொட்டியில் எண்ணெய் இருக்கையில் பற்றவைக்க முயல்வது விபரீதத்துக்கு இடமாகும்.

6. கிராங்கின் பின் சீல். பிளைவீல் கூட்டின் அடித்துளை வழியே கறுத்த எண்ணெய் வந்து, மேற்புறமெல்லாம் உலர்ந்திருந்தால் மாத்திரமே இதைச் சந்தேகிக்க வேண்டும். தேன் நிற எண்ணெய் வந்தால் கியர் பெட்டியின் முன் சீலே காரணமாகலாம். பிரித்த பின், தண்டின்மேல் சீல் உரசிய இடத்தை நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். நகம் தடுக்கும்படி பள்ளம் விழுந்திருந்தால், புதிய சீலை அதே இடத்தில் வைப்பதில் பயனில்லை. உதடு வேறிடத்தில் படியும்படி சற்று முன்னோ பின்னோ அமர்த்தலாம். அல்லது மெல்லிய எஃகு உறை ஒன்றைத் தண்டின்மேல் போடலாம். சீலின் உதடு எண்ணெயை நோக்கியிருக்க வேண்டும். உதட்டில் எண்ணெய் தடவி, மரவளையம் வைத்து எல்லாப் பக்கமும் சமமாகத் தட்டி இறக்க வேண்டும்.

சீல் மாற்றியும் சில மாதங்களில் மறுபடி போனால், குற்றம் சீலில் இல்லை. யந்திரத்தின் தாங்கு ரப்பர்கள் நைந்தோ, தண்டும் கியர் பெட்டியும் நேர்கோட்டில் அமையாமலோ அதிர்வு உண்டாகிறது. இரண்டு இணைப்புத் தட்டுகளின் இடைவெளியைச் சுற்றிலும் நாலு இடத்தில் அளவுத் தகட்டால் அளந்து, விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பாகத்துக்கு மேல் வித்தியாசம் வராமல் சரிசெய்வது வழக்கம். ஐந்து அங்குலத் தட்டானால் ஆயிரத்தில் ஐந்து பாகம். இவ்வளவை, படகு கரையில் ஏற்றப்பட்டிருக்கும்போது முடிவாக எடுக்கலாகாது. கரையில் கட்டைமேல் நிற்கும் படகின் உடல் ஒருவிதமாகவும், நீரில் மிதக்கும்போது வேறுவிதமாகவும் வளைந்து கொடுக்குமாகையால், மிதக்கவிட்ட பிறகே கடைசியாக அளக்க வேண்டும்.

நடுக்கடலில் நேர்ந்தால்

அழுத்தக் கடிகாரத்தின் முள் திடீரென்று விழுந்தாலோ, எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ, கரை அருகில்தானே இருக்கிறது என்று ஓட்டிக்கொண்டு போகலாகாது. உடனே நிறுத்தி, நங்கூரம் எட்டுமானால் போட்டு, பிறகே காரணம் தேட வேண்டும். கடிகாரத்தின் குழாய் வெடித்திருந்தால், அதை யந்திரத்தின் பக்கம் இரண்டாக மடித்துச் சுத்தியலால் தட்டி நசுக்கிவிட்டால், கடிகாரமில்லாமலே மெதுவாகக் கரை சேரலாம். ஹோஸ் குழாய் கிழிந்திருந்தால், இன்னொரு ஹோஸைப் பிளந்து மேலே சுற்றிக் கிளிப்புப் போட்டு ஒப்பேற்றலாம். இதற்கு வேண்டிய சாமான்கள்: யந்திர எண்ணெய் ஒரு முழு டின், பில்டர் ஒன்று, செம்பு வளையங்கள், கிளிப்புகள், ஒரு முழம் ஹோஸ், ஸ்பானர்கள், கைவிளக்கு, தீயணைக்கும் கருவி. இவை அனைத்தும் ஒரு சிறு மரப்பெட்டியில் அடங்கும். வலையைச் சரிபார்க்காமல் புறப்படாத தொழிலாளி, இந்தப் பெட்டியையும் பாராமல் புறப்படலாகாது.

சங்கம் செய்யக்கூடியது

தனி ஒருவருக்குச் சங்கிலிக் கப்பியும், அளவுத் தகடும், முடுக்கத்தை அளக்கும் ஸ்பானரும் வாங்குவது பாரம். ஐம்பது படகுகள் சேர்ந்த சங்கத்துக்கு அது சிறு செலவு. கருவிகளை வாடகைக்குக் கொடுக்கலாம். கடையில் சில்லறையாக வாங்கும் பட்டைகளையும் சீல்களையும் மொத்தமாக வாங்கி அடக்க விலைக்கு வழங்கலாம். தடைக்காலத்தின் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு படகின் யந்திரத்தையும் கழுவி ஓட்டிப் பரீட்சை செய்து, குறைகளைப் பட்டியல் எழுதிக்கொண்டால், கடைசி நாலு நாளில் மெக்கானிக்கைத் தேடி ஓட வேண்டியதில்லை. ஒவ்வொரு படகிலும் ஒரு நோட்டுப் புஸ்தகம் வைத்து, எந்தத் தேதியில் எவ்வளவு எண்ணெய் ஊற்றப்பட்டது என்று எழுதி வருவது எல்லாவற்றிலும் முக்கியம். கசிவை முதலில் கண்டுகொள்வது அந்தப் புஸ்தகமே. கடன் கேட்டு வரும் அங்கத்தினருக்கும் அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கழித்த எண்ணெயையும், எண்ணெய் கலந்த அடிநீரையும் துறைமுகத்து நீரில் கொட்டும் வழக்கம் ஒழிய வேண்டும். பெருங்கப்பல்கள் வெளியேற்றும் நீரிலேயே பத்து லட்சத்தில் 15 பாகத்துக்கு மேல் எண்ணெய் இருக்கலாகாது என்பது சர்வதேச விதி. இந்தியச் சட்டப்படியும் கழிவு எண்ணெய் அபாயகரமான கழிவாகும். அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடமே அது சேர வேண்டும். ஜெட்டியில் சங்கத்தின் பீப்பாய் ஒன்று வைத்துச் சேகரித்து விற்றால், அசுத்தம் நீங்குவதோடு சிறு வருமானமும் உண்டாகும். அடிநீரில் மிதக்கும் எண்ணெயை, நீரை இறைக்குமுன் பழந்துணியால் ஒற்றி எடுத்துவிடலாம். மீன் குஞ்சு பொரித்து வளரும் நீரில் எண்ணெயைக் கொட்டுவது, விதைநெல்லில் உப்பைக் கொட்டுவதற்கு ஒப்பாகும்.

முடிவுரை

மேலே சொன்னவற்றைச் சுருக்கிக் கூறினால் ஐந்து காரியங்களாகும். எந்த எண்ணெய் என்று அறிதல், கழுவி உலர்த்துதல், உயரத்திலும் முன்பக்கத்திலும் ஊற்றுக்கண்ணைத் தேடுதல், சீலைக் குறைகூறுமுன் மூச்சுக்குழலைப் பார்த்தல், இடத்துக்கேற்ற அளவில் மாத்திரம் பழுது நீக்குதல். இவற்றுள் முதல் நான்குக்கும் பெரும்படிப்போ பெருஞ்செலவோ தேவையில்லை. பொறுமையும் கவனமுமே போதும். படகு கடன் பட்டு வாங்கிய சொத்து. அதை நம்பிக் கரையில் பெண்டு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு படகுக்காரரும் அடுத்த முறை யந்திர அறையில் இறங்கும்போது, அடியில் கிடக்கும் அந்தக் கந்தல் சாக்கை எடுத்து எறிந்துவிட்டு, அதே இடத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரிப்பாராக.